கணுக்கால் அளவு

“பாதத்தைத் தொடற மாதிரி விடும்மா” என்றாள் அம்மா.

“கணுக்கால் நல்லாத் தெரியற மாதிரி ஏத்துங்கக்கா” என்றாள் சின்னவள்.

வாயில் குண்டூசியைக் கவ்வியபடி தரையில் உட்கார்ந்திருந்த தையல்கார அக்கா, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“முதல்ல ஆத்தாளும் மகளும் ஒரு முடிவுக்கு வாங்க. இந்த மடிப்புல ஒரு தடவை கை வெச்சா, திரும்பப் பிரிக்கறதுக்குள்ள என் உசுரு போயிடும்.”

சின்னவள் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். உடம்பில் கருநீலக் கெண்டோ உடுப்பு. மேலே தடித்த சட்டை, கீழே பாவாடை அகலத்துக்கு மடிப்பு மடிப்பாய் ஒரு கால்சட்டை. மூங்கில் கத்தியால் முறைப்படி அடித்துக்கொள்கிற அந்த விளையாட்டுக்கு இதுதான் சீருடை. துவைத்தால் சுருங்கும் என்று ஒரு அளவு பெரிதாக வரவழைத்தார்கள். துவைத்துத் துவைத்துச் சாயம் போனதுதான் மிச்சம், சுருங்கின பாடில்லை.

சின்னவளுக்கு இடது கால் பிறவியிலேயே சூம்பி, பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். அது நாலு பேர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குடும்பப் போட்டோ என்றால் இவளுக்குப் பின்வரிசைதான். கெண்டோ பயிற்சிக்குத் துணையாக வந்தாலும் அம்மா மூலை பெஞ்சில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். வெட்கம், வேறென்ன!

கெண்டோவில் எல்லாரும் வெறுங்கால். அதற்காகவே சின்னவள் அதில் போய்ச் சேர்ந்தாள். பார்க்கிறவன் பார்த்துத் தொலையட்டும் என்று, கிளப்பில் இரவல் வாங்கிய குட்டை உடுப்பில் இத்தனை நாளும் ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. மிச்சமிருப்பது ஒரே இடம். அதற்கு இவளும் கொக்கும் மோத வேண்டும். கொக்கு என்பது இவள் வைத்த பெயர். நெட்டையாய், ஆடாமல் அசையாமல் நிற்பாள். இவள் பாய்கிற நேரம் பார்த்து ஒரே கொத்து. அவளிடம் இவள் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

“ஏம்மா, என் கால் உனக்கு அவ்வளவு கேவலமா?”

“நான் அப்படியா சொன்னேன்? எல்லாரும் போடற அளவுல போடுன்னேன்.”

“எல்லாருக்கும் இருக்கற மாதிரியா எனக்குக் கால் இருக்கு? தோத்தாலும் இதைக் காட்டிக்கிட்டேதான் தோப்பேன்.”

“ஜெயிச்சா?”

“அப்பவும் காட்டிக்கிட்டேதான்.”

தையல்கார அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குண்டூசியை வாயிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“விடுங்கக்கா. போட்டுக்கப் போறது பாப்பா. அது சொல்ற மாதிரியே தைச்சுடறேன்.”

அம்மா உடுப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, “துணிய மட்டும் வெட்டிடாதம்மா. உள்ள மடிச்சுத் தை” என்றாள்.

சின்னவள் ஜெயித்த பெருமையோடு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை, உடை மாற்றும் அறையில் அதைப் போட்டுக் குனிந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடுப்பின் விளிம்பு பாதத்தில் உரசியது. மெஷின் தையல் மொத்தமும் பிரிக்கப்பட்டிருந்தது. கீழே கறுப்பு நூலில் கோணல்மாணலாக ஒரு கைத்தையல். அம்மா வேலையேதான்.

விறுவிறுவென்று மூலை பெஞ்சுக்குப் போனாள்.

“பிரிச்சிட்டியா?”

“பிரிச்சிட்டேன்.”

“இன்னிக்குக்கூட உன்னால தாங்கிக்க முடியல, இல்ல? பெத்த பொண்ணோட காலு!”

“உன்னத்தான் கூப்பிடறாங்க. போய் ஆடிட்டு வந்து சண்டை போடு.”

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். இரவல் உடுப்பைக் கிளப்பில் திருப்பிக் கொடுத்தாயிற்று, மாற்று உடுப்பு கிடையாது. இருந்திருந்தால் அங்கேயே மாற்றியிருப்பாள்.

எதிரே கொக்கு. கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் அவள் கண் தெரிந்தது. அது சின்னவளின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே போனது. எதையோ தேடியது. மேலே வந்தது. மறுபடி கீழே போனது.

சின்னவள் பாய்ந்தாள். கொக்கின் உச்சந்தலையில் மூங்கில் பட்டென்று இறங்கியது. நடுவர்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கொடி தூக்கினார்கள்.

அடுத்த அடியும் அதே இடத்தில். இரண்டு புள்ளியும் எடுத்தாயிற்று, ஆட்டம் முடிந்தது. கொக்கு கடைசிவரை கத்தியை உயர்த்தவே இல்லை.

வணங்கி வெளியே வந்ததும் கவசத்தைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கக் கேட்டாள் கொக்கு. “உன் கால் எங்கடி போச்சு? பாயறதுக்கு முன்னாடி உன் இடது பாதம் இன்னும் கொஞ்சம் உள்ள திரும்பும். அதப் பாத்துத்தானே இத்தனை நாளும் உன்னை அடிச்சேன்!”

சின்னவள் குனிந்து, பாதத்தை மறைத்திருந்த விளிம்பைப் பார்த்தாள். மெல்ல மூலை பெஞ்சுக்கு வந்தாள்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“வாரம் தவறாம இங்க உக்காந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு வேற எதைப் பாத்தேன்னு நெனச்ச?”

“சொல்லியிருக்கலாம்ல?”

“காலுன்னு நான் வாயைத் திறந்தாலே நீ சண்டைக்கு வருவ. வரத்தான் செய்வ. போட்டோவுல உன்னைப் பின்னாடி நிறுத்தினது என் தப்பு, அதுக்கு வீட்டுக்குப் போய்த் திட்டு.”

அம்மா குனிந்து, விளிம்பில் தொங்கிய கறுப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஆனா இங்க அத்தனை பேரும் காலை உடுப்புக்குள்ள மறைச்சுக்கிட்டுத்தான் ஆடறாங்க. நீ மட்டும் எதுக்குடி காட்டணும்?”