பிடிக்காத சாம்பல் கலர்

"கலர் பிடிக்கலையாம்! மகாராணிக்குச் சாம்பல் கலர் பிடிக்கலையாம்!"

ரோண்டா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்த வேகத்தில் நோர்மாவின் காப்பி தளும்பியது.

தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் வாரா வாரம் கூடுகிற தையல் கூட்டம் அது. துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைக்கிறவர்கள். கைக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்க மாட்டார்கள்.

"யாரு, உன் தம்பி பொண்ணா?" என்றாள் நோர்மா.

"அவளேதான். டெலேனி. அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறாளேன்னு, தம்பி கர்ட்டோட சட்டையெல்லாம் வாங்கிட்டு வந்து குளிர்காலம் பூரா உக்காந்து தச்சேன். பூப்போட்டது வேணாம் அத்தை, மாடர்னா வேணும்னா. சரின்னேன். கடையில அந்தச் சாம்பல் துணியைத் தொட்டுக் காட்டினதே அவதான்!"

நோர்மாவுக்கு நாக்கு அரித்தது. "எனக்கும்தான் பிடிக்கலை. முக்கால்வாசி வெறும் சாம்பல். ஓரத்துல கோணல்மாணலா நாலு சட்டைத் துண்டு. துணி தீர்ந்து போச்சாக்கும்னு நெனச்சேன்."

"அதுக்குப் பேருதான்டி மாடர்ன். உனக்கு நட்சத்திரமும் வாத்தும் வச்சுத் தச்சாத்தான் போர்வை."

எல்லாரும் சிரித்தார்கள். ரோண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறந்தநாளன்று பொட்டலத்தைப் பிரித்ததும் டெலேனி போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. ரோண்டாவுக்கு மனசு நிறைந்துபோனது. ஆனால் நிமிர்ந்த பெண் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் போனில், 'கலர் எனக்குப் பிடிக்கலை அத்தை, சாரி' என்று முடித்துவிட்டாள்.

"பிடிக்காதவகிட்ட எதுக்கு இருக்கணும்? போய்த் திருப்பி வாங்கிட்டு வா" என்று ஏற்றிவிட்டாள் நோர்மா. "நம்ம போர்வைக் கண்காட்சிக்காவது வைக்கலாம்."

ரோண்டா நேரே காரைத் தம்பி வீட்டுக்கு விட்டாள்.

டெலேனி பள்ளிக்கூடம் போயிருந்தாள். தம்பி மனைவி மார்லா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள்.

"போர்வையை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ரோண்டா மாடி ஏறினாள்.

போர்வை அலமாரிக்கு மேலே, மடிப்புக் கலையாமல் இருந்தது. கட்டிலில், தலையணைமேல், கறுப்பேறிய ஒரு கந்தல். கர்ட் டிராக்டர் ரிப்பேர் பார்க்கும்போது கை துடைக்கிற துணி.

ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தது அலமாரிமேல். கிரீஸ் துணிக்குத் தலையணையா?

அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். துணி துவைக்கும் மிஷின் மூடியைத் திறந்தாள்.

"ஐயோ அண்ணி! போடாதீங்க!"

மார்லா ஈரக்கையோடு ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன மார்லா இது? நாத்தம் குடலைப் புடுங்குது. சுடுதண்ணியில ஒரு தடவை போட்டா..."

"அந்த நாத்தம்தான் அண்ணி அவளுக்கு வேணும்."

ரோண்டாவுக்கு விளங்கவில்லை.

மார்லா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். "சொல்ல மாட்டேன்னு புள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இனிமே மறைச்சுப் பிரயோஜனமில்லை. அவர் போனதுலேருந்து அந்தச் சட்டைகளைத் தண்ணி காட்ட விடலை அவ. அப்படியே வச்சிருந்தா. நீங்க போர்வை தச்சுத் தரேன்னதும், அப்பா வாசனையோட போத்திக்கிட்டுத் தூங்கலாம்னு ஆசைப்பட்டுத்தான் மொத்தத்தையும் கொடுத்தா. இப்ப இந்தத் துணி ஒண்ணுதான் மிச்சம்."

ரோண்டா திறந்து கிடந்த மிஷினைப் பார்த்தாள்.

துணி வீட்டுக்குள் வந்தால் கத்தரிக்கோலுக்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். தைத்த பிறகு சுருங்கினாலோ சாயம் விட்டாலோ போர்வை பாழ். தையல் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான், சொல்லிக்கொடுப்பதும் ரோண்டாதான். அந்தச் சட்டைகளையும் அப்படியே மிஷினில் போட்டாள். கிரீஸ் வாடை போகவில்லை என்று மறுபடியும் போட்டாள். கமகமவென்று இருக்கட்டும் என்று லாவெண்டர் திரவம் வேறு ஊற்றினாள். துவைக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை.

கூடப் பிறந்தவன். அவன் சட்டையை ஒருமுறை தானும் முகர்ந்து பார்த்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

"ஏன் மார்லா என்கிட்டச் சொல்லலை அவ? மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே! கலர் பிடிக்கலைன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டா. நானும் அதை நம்பி, நன்றி கெட்டவ, திமிரு புடிச்சவன்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கேனே!"

"நானும் அதைத்தான் அண்ணி சொன்னேன். அத்தை உன்னைத் திட்டித் தீர்ப்பாங்கடின்னேன்."

"என்ன சொன்னா?"

"'திட்டட்டும்மா. அப்பா அத்தைக்குத் தம்பிதானே? விஷயம் தெரிஞ்சா அவங்களையே அவங்க திட்டிக்குவாங்க, அதுக்கு என்னைத் திட்டுறது தேவலை'ன்னுட்டா."