ஏற்றி இறக்குகிற ஆள்

“அவளும் இறங்கி வந்து ஒரு தடவை இந்தப் பட்டையைக் கட்டிப் பாக்கட்டும் பெரியவரே,” என்றான் கர்ட்.

வெர்லினுக்குச் சுருக்கென்றது. நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற ஸ்கூட்டரை அவரிடம் வாங்க வந்தவன் கூரை வேலைக்காரன். தோள் ஒவ்வொன்றும் மாட்டுத் தோள். அவன் மனைவி ரோண்டா காருக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கால் வராதவர்கள் அப்படித்தான். ஸ்கூட்டரை இறக்கிக் கதவருகே கொண்டுவரும்வரை காரைவிட்டு இறங்கமாட்டார்கள். இந்த ஸ்கூட்டரை ஓட்டிய வெர்லினின் மனைவி ஓப்பலும் சர்ச் வாசலில், கடை வாசலில் எல்லாம் அப்படித்தான் காத்திருந்தாள். பனி உருகுகிற சமயத்தில் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

கர்ட்டின் காருக்குப் பின்னால், பம்பருக்கு அடியிலிருந்த சதுரக் குழாயில், ஸ்கூட்டரை ஏற்றிச் செல்கிற கேரியர் தட்டைச் செருகிப் பூட்டியது வெர்லின்தான். நாலு சக்கர மின்சார ஸ்கூட்டரைச் சாய்பலகை வழியே அதன்மேல் ஓட்டி ஏற்றியதும் அவர்தான்.

“சாவியை முதல்ல உருவிடணும் தம்பி. அப்புறம் நாலு மூலையிலயும் பட்டையைப் போட்டு இறுக்கணும். வெறும் கேரியரா ஓட்டினா மடக்கி நிமித்தி வச்சுக்க, இல்லேன்னா பின்னால நடந்து வர்றவன் முழங்காலு போச்சு. ம், கட்டு பாப்போம்.”

கர்ட் பட்டையைப் பிடித்தான். இறுக்குகிற கைப்பிடி விரலிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தான், மறுபடியும் விழுந்தது.

“ஆணி அடிக்கிற கையா இது? வெண்ணெய் தடவிக்கிட்டு வந்தியா?”

கர்ட் சிரிக்கவில்லை. கார்ப் பக்கம் திரும்பிக் கத்தினான். “ரோண்டா! இறங்கி வா!”

“மாட்டேன். எனக்கு இதெல்லாம் வேணாம்.” அழுது ஓய்ந்த குரல்.

“வேணாம்னா விட்டுடுமா? இன்னைக்கே கத்துக்க!”

“டேய், நிறுத்து!” என்றார் வெர்லின். “என் ஓப்பலை ஒரு நாள் இந்தப் பட்டையைத் தொட விட்டதில்ல நான். நடக்கிறவன்தான் ஏத்தணும், இறக்கணும். முடியாதவளையே கட்டச் சொல்ற பயலுக்கு இதை விக்கமாட்டேன், போ!”

அவர் அவிழ்க்கக் குனிந்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க பெரியவரே. புதுசு வாங்க எங்களால ஆகாது. இதுவும் இல்லேன்னா வீட்டுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான்.” கர்ட் பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டான்.

கார்க் கதவு திறந்தது. வெர்லின் ஓடிப்போய்க் கைத்தாங்கலாகப் பிடிக்கப் பார்த்தார்.

ரோண்டா அவரைத் தாண்டி விடுவிடுவென்று நடந்து வந்தாள். கர்ட்டின் கையிலிருந்த பட்டையை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

“அடுத்த மூலையைக் காட்டுங்க ஐயா,” என்றாள். “கைக்கு அப்புறம் காலும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதுல உக்காரப் போறது அவருதான்.”