மொதல்ல எனக்குக் குத்து

"மொதல்ல எனக்குக் குத்து. அப்புறந்தான் அவளுக்கு."

அமராவதி கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு மருமகள் பொற்கொடி சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

சிவரஞ்சனிக்குச் சுர்ரென்றது. தாய் சேய் நல சர்வேக்காக விராலிமலைப் பக்கம் தெருத்தெருவாக அலைகிறாள். கம்ப்யூட்டர் பொறுக்கித் தந்த வீடுகளில்தான் கேட்க வேண்டும். இந்த வீடு சரிப்படவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது.

"பதினஞ்சுலேர்ந்து நாப்பத்தொம்பது வயசு வரைக்குந்தாங்கம்மா ரத்தம் எடுப்போம்."

"எனக்கு நாப்பத்தொம்பதுதான்."

"மூத்த மகனுக்கு?"

"முப்பத்தாறு."

"அப்ப பதிமூணு வயசுலயே பெத்தீங்களா?"

"சரி, அம்பத்தொண்ணுன்னு வச்சுக்க. முன்னப் பின்ன பாத்துப் போட்டுக்கத்தா."

ஹைவே ஓரம் கொய்யாப்பழம் விற்கிறவள். வயதுக்கும் பேரம் பேசினாள்.

"மருமககிட்டத் தனியாக் கேக்கணும். கொஞ்சம் வெளியில இருங்கம்மா."

"என் வீட்டுலேர்ந்து என்னையவே கெளப்புறியா? வேணும்னா வாயை மூடிக்கிறேன். எந்திரிக்க மாட்டேன்."

சிவரஞ்சனி பொற்கொடியிடம் திரும்பினாள். "விரல்ல ஒரே ஒரு சொட்டு போதும்மா."

"வேணாங்க. எனக்கு ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

வாயும் வயிறுமாக இருக்கிறவளை எப்படி மிரட்டி வைத்திருக்கிறாள் பார், என்று சிவரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்பவர்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் இந்த வெளுப்போடு விட்டுவிட்டுப் போனால், பிரசவத்தில் என்ன ஆகும்? மாமியார் ஆசையைத் தீர்த்தால்தான் வழி விடுவாள் என்று அமராவதியிடம் திரும்பினாள்.

"நீட்டுங்கம்மா. சர்வே கணக்குல ஏறாது, சொல்லிட்டேன்."

குத்தினாள். அமராவதி சிரித்தாள்.

"இம்புட்டுத்தானா? கொய்யாக் கொப்பு கீறுனாக்கூட இதைவிட வலிக்கும்."

பிறகு பொற்கொடியின் கை முந்தானைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது.

குத்திப் பார்த்ததில் பொற்கொடிக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, மற்ற கேள்விகளையும் முடித்துக்கொண்டு சிவரஞ்சனி கிளம்பினாள். ஓசி என்றால் முதல் ஆளாகக் கை நீட்டுகிற மாமியார் வாய்த்தால் மருமகள் உடம்பில் ரத்தம் எங்கே ஊறும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தாள்.

பின்னாலேயே வந்த அமராவதி, வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அம்மா, என்னாச்சு?"

"சத்தம் போடாத. தண்ணி இருந்தாக் குடு."

பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டு வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"எம் மருமக, நர்சம்மா தல தெரிஞ்சாலே கொல்லைப்பக்கம் ஓடிருவா. ஊசின்னா அம்புட்டுப் பயம். நான் குத்திக்கிட்டு சிரிச்சாத்தான் அவளுக்குத் தெம்பு வரும்னு பாத்தேன்."

"அது சரி, ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

அமராவதி குரலைத் தணித்தாள்.

"அவகிட்டச் சொல்லிராத தாயி. மூத்தவன் வயித்துல இருந்தப்ப, ஊசி போட வந்தவளுக்குப் பயந்து, கம்மாய்க்குள்ள கழுத்தளவு தண்ணியில எறங்கி நின்னவ நான்."