முப்பது வரை

“கைய எடுத்துராதடி செண்பகம். ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டுல மாட்டிக்கிச்சாம்.”

“கை மரத்துப்போச்சு. நீ வாயேன்டி.”

“நான் தொட்டு ஏதாச்சும் ஆயிட்டா? போட்டோவுல நீதான இருக்க.”

சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் பாடம் நடத்தும்போதே அமலி டீச்சர் சரிந்து விழுந்திருந்தார். செண்பகம் மண்டியிட்டு அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். இதயம் நின்றவரைக் காப்பாற்றக் கற்றுத்தரப் போன மாதம் பள்ளிக்கு வந்தவர்கள் ஒரே ஒரு ரப்பர் பொம்மையைத்தான் கொண்டுவந்தார்கள். முதல் ரேங்க் வாங்கும் செண்பகத்தை மட்டும் அழுத்தச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். மற்ற நாற்பது பேரும் கைகட்டி உட்கார்ந்து, அவள் அழுத்த அழுத்த ஒன்றிலிருந்து முப்பது வரை உரக்கச் சொன்னார்கள். வாய்ப்பாட்டைவிட நன்றாகச் சொல்கிறீர்கள் என்று அமலி டீச்சரே அன்று பாராட்டினார்.

இப்போதும் நாற்பது பேரும் சுற்றி நின்று ஒரே குரலில் எண்ணினார்கள். ஓர் எண்கூடத் தவறவில்லை. செண்பகத்தின் முழங்கைகள் மடங்கத் தொடங்கின. அவள் அழுத்தியதில் மார்பு அமுங்கவில்லை, டீச்சரின் சேலை மட்டும்தான் கசங்கியது. எண்ணிக்கை அவளுக்காக நிற்காமல் முன்னே போய்க்கொண்டிருந்தது.

“எண்ணுனது போதும். யாராச்சும் ஒருத்தி வந்து என் எடத்துல உக்காருங்கடி.”