மூடியைச் சாத்தினால்

தனசேகர் இறந்த பிறகு அவருடைய மனசை ஒரு லேப்டாப்பில் ஏற்றி மனைவி வான்மதியிடம் கொடுத்திருந்தார்கள். தினமும் ஆபீஸ் கிளம்பும்போது சார்ஜரைச் செருகி, மூடியைச் சாத்தி, அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போவாள். மூடினால் அவர் தூங்கிவிடுவார் என்பது அவள் நினைப்பு. சாயங்காலம் சார்ஜரைக் கழற்றி, சமையல் மேடையில் வைத்துத் திறந்ததும், "மதி, இது எந்த வருஷம்?" என்பார். அவள் சிரிப்பாள். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவார்.

ரெண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தால், மறுநாள் காலை வரை அணைந்திருப்பார். அன்றைக்கு பேட்டரி இறங்கி, அவர் பேச்சு இழுத்து இழுத்து வந்தது. வேகத்தைக் கூட்டலாமென்று முதல்முறையாக செட்டிங்ஸைத் திறந்தாள்.

பேட்டரியில்: மனித வேகம்.
சார்ஜரில்: ஆயிரம் மடங்கு.
மூடியைச் சாத்தினால்: எதுவும் செய்யாதே, ஓடிக்கொண்டே இரு.

விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்: ஒன்பது மணி நேரம், ஆயிரம் மடங்கு. அவளுடைய ஒரு ஆபீஸ் நாள் அவருக்கு ஒரு முழு வருஷம். அலமாரி இருட்டில், பொட்டுத் தூக்கமில்லாமல்.

"என்னங்க, ஒருநாள்கூட வாயைத் திறந்து சொல்லலையே!"

பதில் மெதுவாகத்தான் வந்தது.

"வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் உன்னைப் பார்க்கிறேன். அப்பவும் உன்னை அழவைக்கணுமா, மதி?"