நாலு எல்லை

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை.

அதிகாரி சொல்வது இது இரண்டாவது தடவை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஓரத்தில் தட்டச்சு செய்யும் பெண். இந்தப் பக்கம் காலி நாற்காலி. அதன் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், கோத்தகிரியில் பன்னிரண்டு ஏக்கருக்குச் சொந்தக்காரர்.

சொந்தக்காரர் என்று பத்திரம் சொல்கிறது.

ஏகாம்பரம், ஓய்வுபெற்ற ஹவில்தார். ராணுவத்தில் பதினோரு வருஷம் ஒரே மேலதிகாரியின் வீட்டு வேலை; அவரை இவர் கூப்பிடுவது சாப் என்று. சாப் கர்னலாக இருந்த நாளிலிருந்து மேஜர் ஜெனரல் ஆனதுவரை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், நாயைக் குளிப்பாட்டினார், சாப் மனைவி, மேடத்துக்குக் காய்கறி வாங்கி வந்தார். கடைசியில் அந்தப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் போட்டார். எங்கே போடச் சொல்லி விரல் காட்டினார்களோ அங்கே போட்டார். அப்படித்தான் அவருக்குப் பழக்கம்.

இப்போது சாப் மேல் விசாரணை. வருமானத்துக்கு மீறிய சொத்து.

நிலம் என்னுடையதுதான் என்று இவர் சொல்லிவிட்டால் சாப் தப்பித்தார். பொய் வெளியே வந்தால் இவர் உள்ளே போகவேண்டியதுதான்.

இல்லை என்று சொன்னால்?

காலையில் மேடம் போன் பண்ணியிருந்தார்.

"ஜீவிதாவுக்கு இது மூணாவது வருஷம்தானே, ஏகாம்பரம்? நல்லாப் படிக்கிறாளா?"

அவ்வளவுதான் கேட்டார். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் கேட்காதவர்.

மகள் ஜீவிதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது சாப் பேசிய ஒரு போனில். அந்தப் போன் இன்னும் சாப் கையில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை பேச எவ்வளவு நேரம் ஆகும்?

மேடம் பேசிய பிறகு இட்லி இறங்கவில்லை.

வக்கீல் நாலு நாள் பாடம் எடுத்திருந்தார். சர்வே நம்பர், பத்திரம் பதிந்த தேதி, மாமனார் வீட்டு உதவி, வீட்டுக்காரி நகையை விற்றது. அவருடைய மாமனார் உதவியே செய்யாத மனிதர். ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட ஒப்பிப்பார்.

அதிகாரி அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நாலு எல்லை சொல்லுங்க."

"சார்?"

"உங்க நிலம்தானே? கிழக்க யாரு, மேற்க யாருன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

பாடத்தில் இல்லாத கேள்வி. பத்திரத்தில் இருந்திருக்கும். யார் அதைப் படித்தார்கள்?

அந்த நிலத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். பார்த்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. ஜீப்பை விட்டு இறங்கும்போதே மூடுபனி, சாரல். சாப் தலைக்கு மேல் இவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சாப் கையை நீட்டி நீட்டி மேடத்திடம் என்னவோ காட்டினார். இவர் கண்ணுக்குக் குடைக் கம்பிதான் தெரிந்தது.

அதிகாரி காத்திருந்தார். தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் ஜீவிதா வயதுதான் இருக்கும்.

சொந்த நிலத்துக்கு எல்லை தெரியாதவனா என்று அந்தப் பெண் நினைத்துவிடுவாளோ? அவருக்கு அவமானமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கெழக்கால கண்ணாயிரம் மல்லாட்டைக் கொல்லை, சார். மேற்கால ஓடை. தெக்கால வண்டிப்பாதை. வடக்கால எங்க அண்ணன் பங்கு."

மூச்சு விடாமல் சொன்னார். ஒரு எல்லையிலும் தப்பில்லை.

எல்லாம் ஆரணிப் பக்கம் அப்பா விட்டுப்போன நாற்பது சென்ட்டுக்கு.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

அதிகாரி பத்திரத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை.

"கோத்தகிரிக் குளிர்ல வேர்க்கடலை வெளையுதா, ஏகாம்பரம்?"

திட்டியிருந்தால் நின்றிருப்பார். திட்டு வாங்கிக்கொண்டு நிற்பது அவருக்குக் கைவந்த வேலை. இந்த மனுஷர் திட்டவில்லை. நாற்காலியை மறுபடியும் காட்டினார், இந்தத் தடவை வாயைத் திறக்காமல்.

எத்தனையோ அதிகாரிகளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்ததில்லை. பன்னிரண்டு ஏக்கர்காரன் முதல் தடவை சொன்னபோதே உட்கார்ந்திருப்பான். வக்கீல் அதையும் சொல்லித் தரவில்லை.

உட்கார்ந்தார். நுனியில்தான்.

"எம் பொண்ணு பேரு இதுல வராம எழுத முடியுமா, சார்?"

முடியும் என்று அதிகாரி சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யார் என்று அவர் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரே மூடுபனி, சார்" என்று ஆரம்பித்தார்.