பக்கத்து வீட்டில் கூட்டம்

வீட்டிலேயே பீர் காய்ச்ச, காலி எவர்சில்வர் பீப்பாயின் தலையை அறுத்துக் கொப்பரை செய்தான் வெர்னன். சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டி, அதில் பார்லி ஊறப்போட்டான். அப்படிப் பிறந்த முதல் பீரை மனைவி மார்சி ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டினாள். நண்பர்கள் மூவருக்கும் அன்றைக்கென்று பார்த்து வயிறு சரியில்லை.

பக்கத்து வீட்டு ஐலீன் மட்டும் கொடுத்த இரண்டு பாட்டிலையும் மறுக்காமல் வாங்கிப் போனாள். போர்ட்லாந்தில் மழை விட்ட சனிக்கிழமை காலை, வேலியோரம் வந்து நின்றாள்.

"வெர்னன், இன்னும் நாலு பாட்டில் கிடைக்குமாப்பா? ரெண்டும் தீர்ந்துபோச்சு!"

"அதுக்குள்ளயா?"

"கடை பீரும் பக்கத்துலயே வச்சிருந்தேன். அதைச் சீண்டவே இல்ல. உன்னோடதுலதான் முட்டிமோதி விழுந்துச்சு கூட்டம்."

"மார்சி! கேட்டியா?" வெர்னன் வீட்டைப் பார்த்துக் கத்தினான். "பீர் போட்டிக்கு அனுப்பப் போறேன். இதைவிடப் பெரிய கொப்பரை செய்யப் போறேன்!"

"முதல்ல பாட்டிலைக் குடு" என்றாள் ஐலீன். "லெட்யூஸ் கீரைப் பாத்திதான் முடிஞ்சிருக்கு. ஸ்ட்ராபெரிக்கும் பீர் ஊத்திக் கிண்ணம் புதைக்கணும். காலையில எண்ணிப் பார்த்தேன், செடியைத் தின்ன வந்த அறுபத்து மூணு நத்தை! எல்லாம் உன் பீர்ல செத்து மிதந்துச்சு."

மார்சி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், குடிச்சதுல ஒண்ணுகூடப் பிழைக்கலயா?"

வெர்னன் உள்ளே போய் நாலு பாட்டிலோடு வந்தான். நீட்டும்போது குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கடை பீர் விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க ஐலீன். மார்சிக்குக் கேக்குற மாதிரி."